டெக்ஸ்ட்பாக்ஸில் சேர்த்த பிராப்பர்ட்டி எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

ஒரு மளிகைக் கடையின் பழைய பில்லிங் புரோகிராமை நான் பார்த்துக்கொள்கிறேன். விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 என்ற புரோகிராமிங் மென்பொருளில் எழுதியது. விலையைத் திருத்தும்போது பழைய விலையும் கையில் இருக்கட்டும் என்று, விலை தட்டும் பெட்டியான டெக்ஸ்ட்பாக்ஸை செலக்ட் செய்து 'நியூ பிராப்பர்ட்டி'யில் 'ஓல்ட்பிரைஸ்' என்று ஒரு பிராப்பர்ட்டி (பெட்டியோடு சேர்ந்திருக்கும் மதிப்பு) சேர்த்தேன். ஓட்டினால் அப்படி ஒரு பிராப்பர்ட்டியே இல்லை என்கிறது. சேர்த்தது எங்கே போனது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெட்டிகள் இருக்கும் திரையான ஃபாரத்துக்குப் போயிருக்கிறது. ஃபாரத்தை செலக்ட் செய்து, பிராப்பர்ட்டி விண்டோவில் 'அதர்' டேபைப் பாருங்கள். ஃபாரம் டிசைனரில் எந்தப் பெட்டியைத் தொட்டிருந்தாலும் அந்த மெனு ஃபாரத்தில்தான் சேர்க்கும். மெத்தட், அதாவது ஒரு வேலையைச் செய்யும் கோடிங், சேர்க்கும் 'நியூ மெத்தட்'டும் அப்படியே. எல்லோரும் ஒருமுறை விழும் பள்ளம் இது.

அவசரத்துக்கு, பெட்டி உருவாகும்போது ஓடும் இனிட்டில் 'ஆட்பிராப்பர்ட்டி'யை அழைத்து 'ஓல்ட்பிரைஸ்', 0 என்று கொடுக்கலாம். 6ஆம் பதிப்பிலிருந்தே உள்ள வசதி. ஒரு கடைக்கு நானும் இப்படி 14 பெட்டிகளில் எழுதிவைத்தேன். அப்புறம் பைசாவை ரவுண்ட் செய்யச் சொன்னார்கள். பதின்மூன்றில் திருத்தினேன். விட்டுப்போனது எது என்று கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். அதோடு, மெத்தடை இந்த வழியில் சேர்க்கவே முடியாது.

ஆகவே கிளாஸ், அதாவது பல பெட்டிகளுக்கும் பொதுவான ஓர் அச்சு. டெக்ஸ்ட்பாக்ஸை அடிப்படையாக வைத்து கிளாஸ் டிசைனரில் புதிய கிளாஸ் திறந்து, அங்குள்ள 'கிளாஸ்' மெனுவில் பிராப்பர்ட்டியைச் சேருங்கள். ஆரம்ப மதிப்பை 0 ஆக்க மறக்காதீர்கள். சும்மா விட்டால் 'ஃபால்ஸ்' என்றிருக்கும், கணக்குப் போடும்போது டைப் மிஸ்மேட்ச் என்று நிற்கும். கர்சர் பெட்டிக்குள் வரும்போது ஓடும் காட்ஃபோகஸில், பெட்டியின் வேல்யூவை ஓல்ட்பிரைஸில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய விலைக்குத் திரும்ப ஒரு மெத்தட் எழுதினால், பெட்டி எத்தனை ஆனாலும் கோடிங் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. ஃபாரத்தில் போட்ட பெட்டியின் காட்ஃபோகஸில் வேறு ஏதாவது எழுதினால் கிளாஸில் உள்ளது ஓடாது. அதையும் ஓட்ட அங்கே 'டூடிஃபால்ட்' வேண்டும்.

இருக்கும் பெட்டிகளை அழித்துவிட்டு மறுபடி போடச் சலிப்பாக இருக்கிறதா? ஃபாரத்தைச் சேமித்துவைக்கும் எஸ்சிஎக்ஸ் ஃபைலே ஒரு டேபிள்தான். 'யூஸ்' போட்டுத் திறந்து, அந்தப் பெட்டிகளின் வரிசைகளில் 'கிளாஸ்' (புதிய கிளாஸின் பெயர்), 'கிளாஸ்லாக்' (அது இருக்கும் ஃபைல்) என்ற இரண்டு ஃபீல்டை மட்டும் மாற்றி, ஃபாரத்தை டிசைனரில் திறந்து சேவ் செய்யுங்கள். தொடுவதற்கு முன் எஸ்சிஎக்ஸ், அதன் துணை ஃபைலான எஸ்சிடி இரண்டையும் காப்பி எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் பிரயோஜனம் இல்லை.