எடிட்டிங், அட்டை, விளம்பரம்: இருக்கிற பணத்தை எதில் போடுவது?

கேள்வி: முதல் நாவலை நானே வெளியிடப் போகிறேன். கையில் கொஞ்சம்தான் பணம். எடிட்டிங், அட்டை, விளம்பரம் மூன்றில் எதில் போடலாம்?

எடிட்டிங்கில். மிச்சம் இருந்தால் அட்டையில். விளம்பரத்துக்கு இப்போது ஒரு காசும் வேண்டாம்.

ஆனால் எடிட்டிங் என்று எதைச் சொல்கிறீர்கள்? நான் சறுக்கியது அங்கேதான். எழுதி முடித்த சூட்டோடு மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டேன். சந்தி, ஒற்று எல்லாம் சுத்தமாகி வந்தது. அப்புறம்தான் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "கதையே நாலாவது அத்தியாயத்தில்தானே தொடங்குது?" என்றார். உண்மைதான். முதல் மூன்றையும் தூக்கினேன். அவற்றில் இருந்த விஷயங்களைப் பின்னால் அங்கங்கே செருகினேன். செருகிய இடமெல்லாம் புதுப் பிழை. மெய்ப்புக்கு மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் கதையின் கட்டுமானத்தைப் பார்க்க ஆள் வேண்டும், பிறகு வாக்கியங்கள், பிறகு பக்க வடிவமைப்பு. மெய்ப்பு கடைசியில், அதுவும் வடிவமைத்த பக்கங்களில். எடிட்டரைத் தேர்ந்தெடுக்க, ஒரே பத்துப் பக்கத்தை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். "நல்லா வந்திருக்கு" என்று திருப்பித் தருபவர் நமக்கு ஆக மாட்டார். "இந்த ஆள் ஏன் இங்கே கோபப்படுகிறான்?" என்று கேட்டு உங்களை நெளிய வைப்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எடிட்டருக்குக் கொடுக்கவே பணமில்லை என்றால், கதையை ஒரு மாதம் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு போனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் தாண்டிப் போனது காதில் இடறும்.

அட்டையைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இணையத்தில் வாசகர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். தலைப்பு படிக்க முடியாவிட்டால் ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

விலையில் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலின் அமெரிக்கத் தளத்தில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் 35 சதவீதம்தான். 0.99 டாலருக்கு விற்றால் கைக்கு வருவது சுமார் 35 சென்ட். 2.99-க்கு விற்கும் ஒரு பிரதி தரும் தொகையை எட்ட, இந்த விலையில் ஏறக்குறைய ஆறு பிரதிகள் விற்றாக வேண்டும். மலிவாக வைத்தால் ஆறு மடங்கு விற்குமா? எனக்கு விற்கவில்லை.

மின்நூலை அமேசானில் மட்டுமே விற்பதற்கான 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேருமுன் விதிகளைப் படியுங்கள். 90 நாட்களுக்கு மின்நூலை வேறெங்கும் தரக் கூடாது, உங்கள் வலைப்பூவில் தொடராகப் போட்டிருந்தாலும் எடுத்தாக வேண்டும். நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டு இல்லை.

'பதிப்பிக்கிறோம்' என்று சொல்லி உங்களிடமே பணம் கேட்பவர்களின் ஒப்பந்தத்தில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

விளம்பரம் ஏன் வேண்டாம் என்றால், ஒரே புத்தகம் உள்ளவருக்கு, வந்த வாசகர் அடுத்து வாங்க எதுவுமில்லை. அந்தப் பணம் இரண்டாவது புத்தகத்தின் எடிட்டருக்குப் போகட்டும். அதுவரை, நாவலின் கடைசிப் பக்கத்தில் உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் சேர ஓர் இணைப்பு கொடுங்கள். கடைசி வரி வரை வந்தவரைவிட நல்ல வாசகர் கிடைப்பது கடினம். மின்நூலில் அந்தப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். எனக்குத்தான் அது உறைக்க மூன்று வருடம் ஆயிற்று.