ஸ்குவாட்டுக்கு முன்னாடி ஓட்டம் வேண்டாம்

வணக்கம் நண்பரே. வாரம் நாலு நாள் வெயிட், அதுக்கு முன்னாடி 30 நிமிஷம் ட்ரெட்மில் ஓட்டம், ஸ்குவாட்ல (எடையைத் தோள்ல வச்சு உட்கார்ந்து எழுறது) எடை ஏறலை, மூணாவது வாரமே கார்டியோவை (ஓட்டம், சைக்கிள் மாதிரி மூச்சு வாங்கற பயிற்சி) விட்டுடறேன்னு எழுதியிருக்கீங்க. சோம்பேறித்தனம் இல்லை, வரிசைதான் தப்பு.

முதல்ல வெயிட், பிறகு கார்டியோ. வார்ம்-அப்புக்கு 5 நிமிஷ நடை போதும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பைத் தாங்குது. மறுநாள் வலி பெரும்பாலும் அதனாலதான். சைக்கிள்ல அந்தச் சுமை ரொம்பக் குறைவு. அதனால ஜிம் சைக்கிள், இல்லேன்னா ட்ரெட்மில்லில் சாய்வு 6 சதவீதம், வேகம் மணிக்கு 5 கி.மீ. வச்சு நடை. கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்காதீங்க, அப்புறம் சாய்வு வச்சதே வீண். சைக்கிள் சீட்டை, பெடல் அடிக்கு வரும்போது முழங்கால் லேசா மடங்குற உயரத்துல வைங்க. ரொம்பத் தாழ்ந்தா முட்டி முன்பக்கம் வலிக்கும்.

வேகம்? முழு வாக்கியம் பேச வரணும், பாட்டு வரக்கூடாது. அதிகபட்ச இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயசைக் கழிக்கிற கணக்கு ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக்கு மேலயும் தப்பும்.

முதல் ரெண்டு வாரம், மேல்உடம்புப் பயிற்சி நாள்ல மட்டும் கார்டியோ 20 நிமிஷம். பிறகு வாரம் 5 நிமிஷம் கூட்டி 40 வரை போங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற வாரம் 150 நிமிஷத்தை முதல் வாரமே பிடிக்கணும்னு இல்லை. நேரமில்லாத நாள் 10 நிமிஷமாவது மிதிச்சுட்டுக் கிளம்புங்க. ஸ்பிரிண்ட் (முழு வேகத்துல குறுகிய நேரம்) வாரம் ஒரு தடவை, காலுக்குப் பயிற்சி செய்யற நாளுக்கு முந்தின நாள் கூடவே கூடாது.

ஆறு வாரம் கழிச்சும் ஸ்குவாட் நகரலேன்னா சாப்பாடு, தூக்கம் விவரத்தை எழுதுங்க.