தனியாக பைக்கில் போய் இரண்டு நாள் ரேஸ் பார்த்த அனுபவம் உண்டா? போரடிக்காதா?

உண்டு. போன ஆடியில் திருச்சிப் பக்கம் துவாக்குடியிலிருந்து, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ரேஸ் தடம் வரை பைக் ரேஸ் பார்க்கப் போய் வந்தேன். போரடித்ததா என்றால், சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் அடித்தது. சாப்பாட்டு இடைவேளை. நிழல் இல்லை, பேச ஆள் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. மற்ற நேரமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மாமா வழி வந்தது. அவர் 80களில் சென்னை பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ரேஸ் நடக்கும் ஞாயிறுகளில் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து சோழவரம் போய்விடுவாராம். சோழவரம் ரேஸுக்காகக் கட்டிய இடமே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் வருஷக்கணக்காக ரேஸ் நடத்தியது. "ஆர்.டி. 350 நாலு வண்டி சேர்ந்து போச்சுன்னா ஆமணக்கெண்ணெய் கருகுற வாசம் ஒண்ணு வரும் பாரு மாப்ளே, கொடுத்த காசு அதுக்கே சரியாப் போச்சு" என்பார். ஆர்.டி. 350 அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் பைக், பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். அந்த வாசத்தை நான் கதையில்தான் முகர்ந்திருக்கிறேன். கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் போட்டு 1990ல் அங்கே மாறிவிட்டது. மாமாவும் ரிட்டயராகி லால்குடிக்கு வந்துவிட்டார்.

கூட்டாளிகள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லி, புதன்கிழமை ஒருவன், வியாழக்கிழமை இன்னொருவன் கழன்றுகொண்டார்கள். அப்படித்தான் தனியாகப் போனேன். பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

வண்டி 150 சிசி, பதினோரு வருஷப் பழசு. கம்பெனி பெயரைச் சொன்னால் பின்னூட்டத்தில் சண்டை வரும், விடுங்கள். ஒரு பக்கம் 320 கிலோமீட்டர் சொச்சம். வெள்ளி விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினேன். சமயபுரம் தாண்டி பாடாலூரில் முதல் டீ. பெரம்பலூர் தாண்டியதும் ஆடிக்காற்று இடப்பக்கத்திலிருந்து பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. வேப்பூர் வரைக்கும் வண்டியைக் காற்றின் மேல் சாய்த்து வைத்தே ஓட்டினேன். ஒரு லாரியைத் தாண்டும்போது காற்று சட்டென்று நிற்கும், தாண்டி முடித்ததும் அறைகிற மாதிரி திரும்ப வரும். அந்த ஒரு நொடிதான் ஆபத்து. தோளைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் இருந்தால் வண்டி தானே சமாளித்துக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் நம்முடைய பயம் வண்டிக்கும் தொற்றிவிடும்.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஓர் அரசு விரைவுப் பேருந்தின் பின்னால் கொஞ்ச தூரம் ஒட்டிப் போனேன். முகத்தில் காற்றே இல்லை. அதே ஆக்சிலரேட்டரில் வண்டி பத்து கிலோமீட்டர் கூட ஓடுகிறது. சொகுசாக இருந்தது. பஸ் பிரேக் போட்டால் என் கதி என்ன என்று உறைத்ததும் விலகிவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

மேல்மருவத்தூரில் சாலை முழுக்கச் செவ்வாடை. ஆடி வெள்ளி என்பதை மறந்தது என் தப்பு, அரை மணி நேரம் போயிற்று. செங்கல்பட்டு தாண்டி சிங்கப்பெருமாள் கோவிலில் இடது திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர். லாட்ஜில் அறை 900 ரூபாய். தொழிற்சாலை ஷிப்டு பையன்கள் இரவெல்லாம் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். தூக்கம் வேண்டுமென்றால் காதில் பஞ்சு வையுங்கள். அதே பஞ்சு மறுநாள் ரேஸுக்கும் ஆகும்.

இனி ரேஸ். தடம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். நான் பார்த்தது தேசிய மோட்டார்சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. 165 சிசி பிரிவு, பெரிய வண்டிப் பிரிவு, புதியவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ஒரே மாடல் வண்டியை எல்லோருக்கும் கொடுத்து ஓட்டச் சொல்லும் பிரிவு என்று மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். சின்ன வண்டிகளுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு நிமிடம். பல ரேஸ்கள் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் ஒன்று புரியாமல் போனாலும் அடுத்தது வந்துவிடும், கவலை இல்லை.

2023 செப்டம்பரில் நொய்டா பக்கம் மோட்டோஜிபி (பைக் ரேஸின் உலக சாம்பியன்ஷிப்) நடந்தபோது அவ்வளவு தூரம் போக முடியாமல் போனில் பார்த்தேன். மார்கோ பெட்செக்கி ஜெயித்த ரேஸ். திரையில் கேமரா யாரைக் காட்டுகிறதோ அவரைத்தான் நாம் பார்க்க முடியும், பெரும்பாலும் முன்னால் போகிறவர்களை. நேரில் தலைகீழ். ஸ்டாண்டில் உட்கார்ந்தால் முழு ரேஸ் தெரியாது. ஒரு நேர்ப்பாதையும் அதன் கோடியில் வளைவுக்குள் நுழையும் இடமும்தான் தெரியும். வண்டிகள் வந்து, போய், இரண்டு நிமிடம் காணாமல் போய்விடும். ஒலிபெருக்கியில் சொல்வதைக் காற்று தின்றுவிடும். முதல் அரை மணி நேரம் 'இதற்கா வந்தோம்' என்றுதான் தோன்றியது.

பிறகுதான் பிடிபட்டது. வேகத்தைப் பார்க்கக் கூடாது, பிரேக்கைப் பார்க்க வேண்டும். முன்னால் போகிற நாலைந்து பேரும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். ஒரே இடம் என்றால், தார் மேல் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது, அதன் மேல் முன்சக்கரம் ஏறும்போது. முன் ஃபோர்க் அமுங்கும், பின்சக்கரம் லேசாகிக் கிட்டத்தட்டத் தரையை விடும், கியர் மூன்று தடவை குறையும் சத்தம், முழங்கால் வெளியே வரும். எட்டுச் சுற்றும் அதே கறுப்புத் திட்டு. லேத்தில் ஒரு பீஸை அளவு பிசகாமல் கடைவது பெரிய விஷயம் இல்லை. நூறாவது பீஸும் முதல் பீஸ் மாதிரியே இருக்க வேண்டும், அதில்தான் தொழில் இருக்கிறது. இந்தப் பையன்கள் அதை நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், பக்கத்தில் இன்னொருவன் முழங்கை இடிக்க இடிக்கச் செய்கிறார்கள்.

ஒரே மாடல் பிரிவில்தான் பஸ் பின்னால் போன விஷயம் கண்ணுக்கு முன்னால் நடந்தது. எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்பதால் நேர்ப்பாதையில் சும்மா முந்த முடியாது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒளிந்து வருகிறவன் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு கடைசி நேரத்தில் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத் தாண்டுகிறான். அதனால் கடைசிச் சுற்றில் முதலாவதாக வருவதே ஒரு சங்கடம். முன்னால் இருந்த ஒருவர் வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்தி, பின்னால் இருந்தவரை முன்னே விட்டு, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் திரும்ப முந்தினார். ஸ்டாண்டே எழுந்து நின்றது. நான் மட்டும், "பேருந்து!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

தனியாகப் போனதன் லாபம் புதியவர்கள் பிரிவில்தான் தெரிந்தது. கூட வந்தவன் இருந்தால், "வாடா, அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம், சாப்பிடுவோம்" என்று இழுப்பான். நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் ஹெல்மெட், பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும், கடைசிக் கும்பலில் ஓடினான். அவன் பிரேக் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில். ஒரு தடவை திட்டுக்கு ரொம்ப முன்னால், அடுத்த தடவை பயத்தை விழுங்கிக்கொண்டு அதைத் தாண்டி. நாலாவது சுற்றில் ரொம்பவே தாண்டிவிட்டான். முன்சக்கரம் மடங்கி, வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக வழுக்கிக்கொண்டு போனார்கள்.

ஸ்டாண்டில் சத்தமே இல்லை. 2023 ஆகஸ்டில் இதே தடத்தில் 13 வயது பெங்களூர்ப் பையன் ஒருவன் ரேஸில் விழுந்து இறந்துபோனான். அந்த வாரத்தின் மீதி ரேஸ்களை ரத்து செய்தார்கள். அது தெரிந்த யாருக்கும் அந்த நேரத்தில் மூச்சு வராது. தடத்தோரம் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல்கள் மஞ்சள் கொடியை ஆட்ட ஆட்ட, ஒளிந்திருந்த பயமெல்லாம் வெளியே வந்தது. பிறகு அவன் எழுந்தான், ஹெல்மெட்டோடு தரையை ஓர் உதை உதைத்தான். அப்பாடா. கோபம் வந்துவிட்டால் எலும்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம், ஸ்டாண்டில் தள்ளி உட்கார்ந்த அதே மனிதர் (அவருடைய மச்சான் ஒரு அணியில் மெக்கானிக்காம்) தயவில் பாடக் பக்கம், அதாவது அணிகள் கூடாரம் போட்டு வண்டியைத் தயார் செய்யும் இடத்துக்கு, போக முடிந்தது. பெரிய அணிகளின் கூடாரத்தில் டயருக்கெல்லாம் கம்பளி போர்த்திச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். நாலு கூடாரம் தள்ளி மஞ்சள் ஹெல்மெட் தரையில் உட்கார்ந்திருந்தது. வண்டியைச் சுற்றி அப்பாவும் ஒரு மெக்கானிக்கும். ஃபேரிங் (வண்டியின் வெளி மூடி) உடைந்து டேப் ஒட்டியிருந்தது, ஃபுட்ரெஸ்ட் வளைந்திருந்தது. அப்பா காக்கி பேண்ட்டில், ஏதோ கம்பெனி ஷிப்டிலிருந்து நேராக வந்தவர் போல. மெக்கானிக் கேட்டான்: "பத்தாம் நம்பர் எங்கண்ணே?"

பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். உலகத்தில் எந்தப் பட்டறையிலும் பத்தாம் நம்பர் ஸ்பானர்தான் காணாமல் போகும். எட்டு இருக்கும், பன்னிரண்டு இருக்கும், பத்து இருக்காது. ஆறு மில்லிமீட்டர் போல்ட் என்றால் தலை பத்துதான், பைக்கில் பாதி இடத்தில் அந்த போல்ட்தான். ரேஸ் நடக்கிற இடத்திலும் அதே கதை என்று பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். "இருங்க" என்று சொல்லி, ஓடிப்போய் என் வண்டிப் பையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன்.

பையனிடம் அந்தக் கறுப்புத் திட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. ஸ்டாண்டில் உட்கார்ந்து வடை தின்றவன் தடத்தில் விழுந்தவனுக்குப் பாடம் எடுப்பதா என்று விட்டுவிட்டேன். அவன்தான் பேசினான். "சரத்குமார் மாதிரி வரணும்ணே" என்றான். நடிகர் இல்லை. 2011ல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய முதல் இந்தியர், நம்ம சென்னைக்காரர். எனக்கு அந்தப் பெயர் தெரியும் என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முடித்தான். பின்னாலிருந்து மூன்றாவது. பிரேக் திட்டுக்கு ஒரு வண்டி நீளம் முன்னாலேயேதான், ஆனால் எல்லாச் சுற்றிலும் அதே இடம். நான் எண்ணினேன்.

திரும்பும்போது ஒன்று சொல்லியே ஆக வேண்டும், போகிறவர்கள் கவனியுங்கள். இரண்டு நாள் அதையே பார்த்த கை சும்மா இருக்காது. ஒரகடம் சாலையில் ஒரு வளைவில் எனக்கே முழங்கால் வெளியே வந்தது. தடத்தில் விழுந்தால் வழுக்கிப் போக இடம் இருக்கும், நம் சாலையில் நடுத்திட்டுக் கல் இருக்கும், அதற்கு அப்பால் ஒரு மாடு இருக்கும். ஓரமாக நிறுத்தி, முகம் கழுவி, அப்புறம் அறுபதில் உருட்டினேன். போக வரப் பதிமூன்று லிட்டர் பெட்ரோல், மற்றதெல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தியபோது மாமாவுக்குப் போன் போட்டேன். தடத்தில் பதிவு செய்த சத்தத்தை முந்தின நாளே அனுப்பியிருந்தேன்.

"என்னடா இது, தையல் மிஷின் மாதிரி இருக்கு?"

"இப்ப எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக் மாமா."

"சரி, யாரு ஜெயிச்சா?"

யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை. "பின்னாலேருந்து மூணாவது வந்தவனைத்தான் தெரியும் மாமா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நானும் அப்படித்தான் பார்ப்பேன்" என்றார்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதிலிருந்தே பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். வேப்பூரில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்திப் பார்த்தால், நம்பர் பிளேட் போல்ட் கழன்று தொங்குகிறது. ஆறு மில்லிமீட்டர். பையைத் திறந்தேன். எட்டு இருந்தது, பன்னிரண்டு இருந்தது.

கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பத்தா அண்ணே? எங்கிட்டயும் இல்ல. கட்டிங் பிளேயர் தரட்டா?"