பவளத் தொட்டிக்கு சம்ப்: கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கிறேன். நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. அடியில் 2 அடி சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி) போதும் என்கிறார் தொட்டி செய்பவர். உண்மையா? உள்ளே எப்படிப் பிரிப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதும். ஆனால் தடுப்புக் கண்ணாடியை எங்கே ஒட்டுவது என்று யோசிக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். கரண்ட் போனதும் மேலேயிருந்து எத்தனை லிட்டர் கீழே இறங்கும்? சம்பின் அளவைத் தீர்மானிப்பது இதுதான், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) அல்ல.

உங்கள் தொட்டி சுமார் 90 × 45 செ.மீ. அதில் 1 செ.மீ. தண்ணீர் என்பது 4 லிட்டர். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் நின்றதும், மேலே தண்ணீர் விடும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் அதே குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு இறங்கும். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர். மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் அதிலிருந்து இறங்கும் குழாய்களிலும் நிற்பது 3 லிட்டர் என்று வையுங்கள்; மொத்தம் 23. இது 60 × 35 × 40 செ.மீ. சம்பில் சேர்ந்தால் மட்டம் 11 செ.மீ. ஏறும். ஓடும்போது 22 செ.மீ. இருந்தது 33-ல் நிற்கும், தப்பித்தீர்கள். வாய் 10 செ.மீ. ஆழத்தில் என்றால் 40 லிட்டருக்கு மேல் இறங்கும். வீட்டுத் தரையில் உப்புத்தண்ணீர்தான். எனவே வாயை நீர்மட்டத்திலிருந்து 2 செ.மீ.க்குள் வையுங்கள். குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். ஆனால் பாசியோ நத்தையோ அதை அடைத்துவிடும் என்பதால் துளையை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வும் அப்படித்தான். மடலில் சுண்ணாம்பு படிந்தால் முழுதாக மூடாது.

எதிர்க்கணக்கும் உண்டு. வடிகுழாய் அடைத்துக்கொண்டால், மோட்டார் தன் அறையில் இருக்கும் தண்ணீரை எல்லாம் மேலே ஏற்றிவிடும். அறை 15 × 35 செ.மீ., தண்ணீர் 19 செ.மீ. என்றால் 10 லிட்டர். தொட்டியின் விளிம்பில் 3 செ.மீ. காலி விட்டிருந்தால் 12 லிட்டர் தாங்கும். மோட்டார் அறையைப் பெரிதாக்க ஆசைப்பட வேண்டாம்.

இப்போது பிரிப்பு. வடிகுழாய் இறங்கும் இடத்தில் 200 மைக்ரான் சாக் (வடிகட்டும் துணிப்பை). அதே அறையில் ஸ்கிம்மர். இதற்கு 35 செ.மீ. அடுத்து 4 செ.மீ. இடைவெளியில் மூன்று கண்ணாடிகள். முதலாவது தரையோடு ஒட்டியது, 22 செ.மீ. உயரம், தண்ணீர் மேலாக வழியும். இரண்டாவது தரையிலிருந்து 4 செ.மீ. தூக்கியது, தண்ணீர் அடியில் நுழையும். மூன்றாவது மறுபடி தரையோடு, 20 செ.மீ. குமிழ்கள் இங்கே மேலேறிக் கலைந்துவிடும். மிச்சம் மோட்டார் அறை. ஸ்கிம்மர் நிற்கும் ஆழத்தை முதல் கண்ணாடிதான் நிர்ணயிக்கிறது. ஆகவே ஸ்கிம்மரை வாங்கி, அது கேட்கும் ஆழத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வெட்டக் கொடுங்கள். ஒட்டுவதற்குப் பூஞ்சைத்தடுப்பு மருந்து கலக்காத சிலிகான் மட்டுமே.

மோட்டார்: தொட்டித் தண்ணீர் மணிக்கு 3 முதல் 5 முறை சம்ப் வழியாகப் போய்வந்தால் போதும். உங்களுக்கு 600–900 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் பம்ப் பார்த்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாத நிலையில் அளந்தது. ஒன்றேகால் மீட்டர் ஏற்றி இரண்டு எல்போ வளைத்தால் பாதிகூட வராது. 2000 லிட்டர் மோட்டார் எடுங்கள்.

கேள்வி: வடிகுழாயில் 'களக் களக்' என்று இரவு முழுவதும் சத்தம். வால்வு போட்டால் நிற்குமா? ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு கிடைக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: குழாயில் தண்ணீரும் காற்றும் மாறி மாறி இறங்குவதால் வரும் சத்தம் அது. வால்வு போடலாம், ஆனால் இரண்டு வடிகுழாய் இருந்தால் மட்டும். ஒன்றில் வால்வை மெல்ல மூடிக்கொண்டே வந்தால், குழாய் முழுதும் தண்ணீர் நிறைந்து சத்தம் அடங்கும் ஒரு நிலை வரும். இன்னொன்று சற்று உயரமான வாயோடு, வால்வே இல்லாமல், அவசரத்துக்கு. அதில் எப்போதும் மெல்லிய ஒழுக்கு இருக்கட்டும். ஒரே குழாயை வைத்துக்கொண்டு அதில் வால்வு மாட்டினால், சின்ன நத்தை சிக்கினாலே தொட்டி வழியும்.

கால் திருப்பில் திறந்து மூடும் பால் வால்வில் நுணுக்கமாகத் திருப்ப முடியாது. கேட் வால்வு சரியான தேர்வு. ஆனால் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது பித்தளை. வேண்டவே வேண்டாம். பித்தளையில் உள்ள செம்பு உப்புநீரில் கரையும். இறால், நத்தை, பவளம் மூன்றுக்கும் அது விஷம். பிவிசி கேட் வால்வு சற்றுத் தேடினால் கிடைக்கும். குழாய் கிளாம்ப்பும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும்.

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைச் சம்பில் ஊற்றலாமா? தினமும் மட்டம் குறைகிறது.
– வாசகர், சென்னை

பதில்: அப்படியே ஊற்றக் கூடாது. குடிநீர் மெஷினில் ருசிக்காகத் தாதுக்களைச் சேர்க்கும் கேட்ரிட்ஜோ, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். (கரைந்த தாதுக்களின் அளவு) கன்ட்ரோலரோ இருக்கும். அவற்றுக்கு முன்பே பைப்பைப் பிரித்து மிச்சத் தாதுக்களையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழலில் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீரைப் பிடியுங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட நன்னீர்தான் ஊற்ற வேண்டும், உப்புக் கலந்த நீர் அல்ல. கோடையில் ஃபேன் வைத்தால் 3 அடித் தொட்டிக்கு நாளுக்கு 3 லிட்டர் போவது சாதாரணம். 200 லிட்டரில் ஒரு வாரம் ஊற்றாமல் விட்டால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு 39-ஐத் தொடும். மோட்டார் அறை அதற்கு முன்பே வற்றிவிடும், ஏனென்றால் சம்பில் மட்டம் இறங்குவது அந்த அறையில் மட்டும்தான். 15 × 35 செ.மீ. அறையில் 3 லிட்டர் என்பது கிட்டத்தட்ட 6 செ.மீ. தானாக நீர் ஊற்றும் ஏ.டி.ஓ. கருவியை ஆடம்பரம் என்று தள்ளிப்போடாதீர்கள். சென்சார் அந்த அறையில்தான் இருக்க வேண்டும். அதற்கான நன்னீர் வாளி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் பழுதானால் முழு வாளியும் இறங்கும், தொட்டி அதைத் தாங்க வேண்டும்.

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் கிடைக்கும் பவளப்பாறைத் துண்டுகளைச் சம்பில் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. பாறை அமைக்கும் பவளங்கள் 2001-ல் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை; மன்னார் வளைகுடாவில் எடுப்பது குற்றம். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர நுண்துளை உள்ள செராமிக் மீடியா 2 கிலோ போதும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-க்கு வர 4 முதல் 6 வாரம் பொறுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தாலே ஸ்கிம்மர் கோப்பை நிரம்பி வழிகிறது. ஏன்?
– வாசகி, சேலம்

பதில்: மேலிருந்து இறங்கிய தண்ணீரால் சம்ப் மட்டம் ஏறியிருக்கிறது, ஸ்கிம்மர் கூடுதல் ஆழத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் மோட்டாரோடு அதுவும் ஓடத் தொடங்குகிறது. நுரைக்குப் பதில் தண்ணீரே கோப்பைக்கு ஏறுகிறது. ஸ்கிம்மருக்கு 5 நிமிடம் தாமதமாக இயங்கும் டைமர் பிளக் மாட்டுங்கள், அதற்குள் மட்டம் இறங்கிவிடும். கோப்பை அடியில் உள்ள வடிதுளையில் ஒரு டியூப் சொருகித் தனிப் பாட்டிலுக்கு விட்டால், பிடித்த அழுக்கு திரும்பச் சம்பிலேயே விழாது. அந்தப் பாட்டிலின் மூடியில் காற்றுத் துளை இருக்கட்டும்.