மூன்று தா: சின்னப் பிள்ளையும் சின்ன எண்ணும் – கேள்வி பதில்

திருகோணமலையில் 26 வருடம் முன்பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். இப்போது புதிதாக வரும் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை, ஒன்று முதல் பத்து வரை, இதற்குள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உப்புவெளி அம்மா: டீச்சர், மகளுக்கு மூன்று வயது நாலு மாதம். ஐம்பது வரை கடகடவென்று சொல்கிறாள். ஆனால் "நாலு பிஸ்கட் எடுத்து வா" என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வருகிறாள். ஏன் இப்படி?

தங்கச்சி, இன்று வரப்போகும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதிலாக இருக்கும். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

ஐம்பது வரை சொல்வது அவளுக்குப் பாட்டு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஒப்பிப்பதைப் போலத்தான். அது நல்லதுதான், அந்த வரிசை பிறகு தேவைப்படும். ஆனால் அது எண்ணுதல் இல்லை.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பாயில் ஐந்து சோகியை (சோழி) வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்றாள். ஒரு பிழையும் இல்லை. "அப்போ எத்தனை சோகி இருக்கு?" என்று கேட்டேன். திரும்பவும் முதலிலிருந்து தொட்டு எண்ணினாள். "சரி, எத்தனை?" மூன்றாம் தரமும் எண்ணினாள், இந்த முறை குரலில் கொஞ்சம் கோபம். "எத்தனை" என்றால் "எண்ணிக் காட்டு" என்றுதான் அவளுக்கு விளங்கியிருந்தது. கடைசியாகச் சொன்ன "ஐந்து" அந்தக் கடைசிச் சோகியின் பெயர். முழுக் கூட்டமும் ஐந்து என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதை 1978இல் ரொஷெல் கெல்மன், ராண்டி கலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்து விதிகளாகத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல். சொற்களின் வரிசை மாறக் கூடாது. கடைசிச் சொல்தான் மொத்தம். எதையும் எண்ணலாம். எங்கிருந்தும் எண்ணலாம். உங்கள் மகள் மூன்றாவது விதியில் நிற்கிறாள். "இத்தனை தா" என்று கேட்டுப் பார்க்கும் சோதனையை 1990களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற உளவியலாளர் செய்தார். பிள்ளை முதலில் "ஒன்று" என்பதற்கு மட்டும் சரியாகத் தருகிறது. சில மாதம் போய் "இரண்டு". அதற்கும் பிறகு "மூன்று". அப்புறம் ஒரு நாள் பூட்டுத் திறந்ததுபோல எல்லா எண்ணுக்கும் எண்ணித் தரத் தொடங்குகிறது. பெரும்பாலும் அது மூன்றரை வயதை ஒட்டி வருகிறது. சிலருக்கு நாலு தாண்டும், அதிலும் பயமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஐம்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். "ஒன்று தா", "இரண்டு தா", "மூன்று தா" என்று கேளுங்கள். எந்த எண்ணில் அள்ளித் தருகிறாளோ, அதற்கு முந்திய எண்தான் அவள் கையில் உண்மையாக இருப்பது. அங்கேயிருந்து ஒன்று கூட்டுங்கள். நீங்கள் எண்ணிக் காட்டும்போது மொத்தத்தை முதலிலும் சொல்லுங்கள், முடிவிலும் சொல்லுங்கள்: "மூன்று இடியப்பம். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று இடியப்பம்."

கிண்ணியா உம்மா: எண்ணப் பழக்க என்ன பொருள் நல்லது டீச்சர்? கடையில் பிளாஸ்டிக் சாமான் வாங்கணுமா?

வாங்க வேண்டாம். பெரிய சிப்பி, சிரட்டை, தேசிக்காய், வீட்டுக் கரண்டி எல்லாம் போதும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் முதலில் சுலபம்.

ஒரு எச்சரிக்கை, இதை எங்கே போனாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக வடிவாக இருக்கும், பிள்ளைகள் கை உடனே போகும். அதற்குள் இருப்பது கடும் நஞ்சு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை, மாபிள் போன்ற சின்னச் சாமானும் மூன்று வயதுக்குக் கொடுக்காதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்குக்குள் விட்டுவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தான். மத்தியானம் அவனுடைய அம்மாதான் கண்டுபிடித்தார். அந்த நாளிலிருந்து என் பெட்டியில் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடிய எதுவும் இல்லை.

நிலாவெளி அப்பா: என் மகன் மூன்று மாங்காயைப் பார்த்ததுமே எண்ணாமல் "மூன்று" என்கிறான். எண்ணச் சொல்லித் திருத்த வேண்டுமா?

திருத்தாதீர்கள் தம்பி! அது பெரிய காரியம். மூன்று நாலு வரைக்கும் மனிதக் கண் எண்ணாமலே பிடித்துவிடும். 1871இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளை எறிந்து, ஒரே பார்வையில் எத்தனை என்று தன்னைத்தானே 1000 தடவைக்கு மேல் சோதித்தார். மூன்றிலும் நாலிலும் ஒரு தரம்கூடப் பிழைக்கவில்லை. ஐந்தில் பிழை தொடங்கியது. வளர்ந்த மனிதருக்கே எல்லை அவ்வளவுதான். அதனால்தான் நான் ஒன்று, இரண்டு, மூன்றில் மாதக்கணக்காக நிற்கச் சொல்கிறேன். அங்கே பிள்ளைக்குக் கண்ணே சாட்சி.

உங்கள் வீட்டில் 304 என்ற காட்ஸ் விளையாட்டு ஆடுபவர்கள் இருப்பார்கள். 304க்கு ஏழு முதல் மேலேதான் வேண்டும், 2 முதல் 6 வரை உள்ள காட்ஸை ஒதுக்கிவிடுவார்கள். அந்த இருபதையும் வாங்கி மகனிடம் கொடுங்கள். இரண்டு, மூன்று, நாலு ஆட்டினை (சிவப்பு இதயம் போட்ட காட்ஸ்) முதலில். ஒரு காட்டை ஒரு கணம் காட்டி மூடுங்கள், "எத்தனை பார்த்தாய்?" என்று கேளுங்கள். ஐந்து வரும்போது "நாலு மூலை, நடுவில் ஒன்று" என்று அவனே சொல்லத் தொடங்குவான். கூட்டல் அங்கேதான் பிறக்கிறது.

மூதூர் முன்பள்ளி ஆசிரியை: டீச்சர், பிள்ளைகள் ஒரே பொருளை இரண்டு தரம் எண்ணிவிடுகிறார்கள். வட்டமாக வைத்தால் நிறுத்தவே தெரியவில்லை.

எண்ணியதை ஒதுக்கிவைக்கப் பழக்குங்கள். பாயின் நடுவே கோடு போட்டு, எண்ணியது மறுபக்கம். பிறகு வரிசை. அதற்குப் பிறகுதான் வட்டம், முதல் பொருளில் ஒரு பூவை வைத்துவிட்டு. அசையும் பொருள் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். எங்கள் முன்பள்ளி வேலிக்கு வெளியே கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து நிற்கும். நின்றால் "மூன்று மான்" என்பார்கள். நடக்கத் தொடங்கினால் அதே மூன்று ஆறாகிவிடும்.

முடிந்தால் கன்னியாவுக்குக் கூட்டிப் போங்கள். வெந்நீர்க் கிணறு ஏழு, ஒன்றும் ஓடிப்போகாது. ஒவ்வொரு கிணற்றிலும் கையால் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டு எண்ணட்டும், பெரியவர் முதலில் தொட்டுப் பார்த்த பிறகு. அடுத்த தரம் வேறொரு கிணற்றில் தொடங்கச் சொல்லுங்கள். "இப்பவும் ஏழுதான்!" என்று ஒரு பிள்ளை எங்களிடம் ஓடிவந்தது. எங்கிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது என்பதை நான் பத்து நாள் சொன்னாலும் அப்படி விளங்காது.

சம்பூர் அம்மா: மகனுக்கு மூன்றரை வயது. நூறு வரை சொல்கிறான், ஆனால் கேட்ட அளவு எடுத்துத் தருகிறான் இல்லை.

முதல் பதிலை வாசியுங்கள் அம்மா. "மூன்று தா."

உவர்மலை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: நீங்கள் ஒன்று, இரண்டு என்றே எழுதுகிறீர்கள். டெலிபோன் நம்பரைக்கூட நாங்கள் இங்கிலீஷில்தான் சொல்கிறோம். நாளைக்கு அவன் எல்லாவற்றையும் வன், டூ என்றுதான் கேட்கப்போகிறான். தொடக்கத்திலேயே இங்கிலீஷில் பழக்கினால் என்ன?

சேர், உங்களோடு இதில் உடன்பட முடியவில்லை. பத்துக்கு மேலே போகும்போது தமிழ் பிள்ளைக்குச் செய்யும் உதவியைப் பாருங்கள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதினைந்து, பதினாறு, பதினேழு, எல்லாவற்றிலும் பத்து முன்னால் வந்து நிற்கிறது. "இலெவன்" என்ற சொல்லில் பத்து எங்கே? "ட்வெல்வ்" என்பதில் இரண்டு எங்கே? அதன் பிறகு வரும் "தேர்ட்டீன்" பின்பக்கம் திரும்பியது, மூன்று முன்னால், பத்து பின்னால். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு, தமிழ் தெளிவாகக் காட்டும் இடத்தில் வேறு சொல்லைத் திணிப்பது நியாயமா?

அதே ஆசிரியர்: தொண்ணூறில் நூறு ஏன் வருகிறது? தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஏன்? உங்கள் தெளிவு அங்கே எங்கே போயிற்று?

அதை ஒத்துக்கொள்கிறேன் சேர். ஒன்பதின் குடும்பம் முழுக்க அப்படித்தான். எண்பத்தொன்பதுக்குப் பிறகு "ஒன்பத்துப்பத்து" என்று சொன்ன பிள்ளை எனக்கு இருந்தது. அந்தப் பிள்ளையை நான் மெச்சினேன், ஏனென்றால் அது ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் தொண்ணூறு ஆறு வயதின் பிரச்சினை. நாங்கள் பேசுவது மூன்று வயது.

திருகோணமலை நகர், இளம் அம்மா: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எங்கள் மகள் போகும் இடத்தில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ். அப்போ கெட்டுவிட்டதா?

இல்லை மகள். இரண்டு பாட்டும் தெரிந்திருக்கட்டும். ஒரு எண்ணின் அளவு எந்த மொழியில் முதலில் உறைக்கிறதோ அதில் உறைக்கட்டும், மற்றது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நீங்கள் தமிழில் பேசினால் தமிழில் எண்ணுங்கள்.

கிண்ணியா உம்மா: நாங்கள் வீட்டில் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்கிறோம். புத்தகத்தில் ஒன்று. பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. ஒண்டும் ஒன்றும் ஒரே ஆள் என்று பிள்ளைக்குத் தெரியும். உண்மையில் சிக்கல் வேறு இடத்தில். எண்ணும்போது "ஒன்று", ஆனால் "ஒரு மாம்பழம்". ஆட்கள் என்றால் "இரண்டு பேர்". "ஒன்று மாம்பழம்" என்று பிள்ளை சொன்னால் திருத்திக் கத்தாதீர்கள், நீங்கள் "ஓம், ஒரு மாம்பழம்" என்று திருப்பிச் சொன்னால் போதும். இன்னொன்று: இங்கிலீஷில் ஒன்றைத் தாண்டியதும் சொல்லின் வால் மாறும். நாங்கள் "இரண்டு தேங்காய்" என்றுதான் சொல்வோம், "கள்" கட்டாயமில்லை. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குறிப்புக் காதில் விழாது. எண்ணையே கண்ணுக்குக் காட்டவேண்டும்.

உவர்மலை ஆசிரியர்: அப்போ இங்கிலீஷிலும் ஒரு உதவி இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சொன்னேன் சேர், உண்மை அதுதானே. ஒன்று எது, பல எது என்பதில் அவர்களுக்கு உதவி, பத்துக்கு மேலே எங்களுக்கு உதவி. இரண்டையும் பிள்ளை தன் வீட்டுப் பேச்சில்தான் பெறும். இத்தோடு மொழியை விடுவோம், கேள்விகள் நிறையக் காத்திருக்கின்றன.

அப்பப்பா ஒருவர், லிங்கநகர்: பேரன் விரல் மடித்து எண்ணுகிறான். நாங்கள் ரேகையில் எண்ணினோம். விரலை நிறுத்தவேண்டுமா?

நிறுத்தாதீர்கள் ஐயா. ரேகை எண்ணிக்கை அருமையானது, ஒரு கையில் நாலு விரலுக்குப் பன்னிரண்டு கோடு. ஆனால் சின்னவனுக்கு முழு விரல்தான் கண்ணில் படும். மடிக்காமல் நீட்டட்டும், மூன்றை ஒரேயடியாக நீட்டிக் காட்டட்டும்.

தம்பலகாமம் அம்மா: நாலு வயது முடியவில்லை. 3ஐயும் 7ஐயும் திருப்பி எழுதுகிறாள். கொப்பி நிறைய எழுதவைக்கிறேன்.

கொப்பியை மூடுங்கள். நாலு வயதுக்குள் பென்சிலால் இலக்கம் எழுதவைக்காதீர்கள், இதை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். திருப்பி எழுதுவது ஆறு, ஏழு வயது வரைக்கும் சாதாரணம். மணலில் விரலால் எழுதட்டும். கடற்கரை பக்கத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது.

சீனக்குடா அப்பா: ஆறு டொபியை நெருக்கி வைத்தால் குறைவு, பரப்பி வைத்தால் கூட என்கிறான். அடிப்படையே தெரியவில்லையா?

அவனைத் திட்டியிருந்தால் போய்க் கட்டிப்பிடியுங்கள். பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் கண்ட விஷயம் இது. 1970களில் ஸ்கொட்லாந்தில் ஜேம்ஸ் மக்கரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரு கரடிப் பொம்மையை "குழப்படி செய்து" வரிசையைக் கலைக்கவிட்டுக் கேட்டபோது, அதே வயதுப் பிள்ளைகளில் பலர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே கலைத்துவிட்டுக் கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. நீங்களும் பொம்மையை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

அதே அப்பா: பாம்பும் ஏணியும் நல்லதா?

நல்லது, ஆனால் நூறு பெட்டி வேண்டாம். ஒரு அட்டையில் 1 முதல் 10 வரை நேர்கோட்டில் கீறுங்கள். ரொபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் இப்படி ஒரு பலகையில் முன்பள்ளிப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள், ஒவ்வொரு தரமும் 15 நிமிடம் அளவில், சில தடவைகள்தான். எண் எழுதிய பலகையில் ஆடியவர்கள் முன்னேறினார்கள், நிறம் மட்டும் உள்ள பலகையில் ஆடியவர்கள் முன்னேறவில்லை. ஒன்று கவனம்: 4இல் நிற்கும் பிள்ளை இரண்டு நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல் "ஐந்து, ஆறு" என்று சொல்லவேண்டும்.

ஈச்சிலம்பற்று அம்மா: மகள் இருபது வரை பிழையில்லாமல்...

முதல் பதில், தங்கச்சி.

பெயர் சொல்லாத ஒருவர்: அபாகஸ் வகுப்பில் நாலு வயதில் சேர்க்கலாமா?

அது என் துறை இல்லை.

வெருகல் அம்மா: நாலரை வயதாகியும் "இரண்டு தா" என்றால்கூடத் தெரியவில்லை. கூப்பிட்டாலும் சில நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு விளையாட்டுப் பதில் வேண்டாம் அம்மா. முதலில் காது. கிளினிக் கொப்பியோடு உங்கள் குடும்பநல மாதுவிடம் இந்தக் கிழமையே போய் இரண்டையும் சொல்லுங்கள், செவி பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தரம் 1 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உப்புவெளி அம்மா: டீச்சர், திரும்பவும் நான்தான். இப்போ கேட்டுப் பார்த்தேன். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று என்றதும் பீங்கானில் இருந்த ஐந்து பிஸ்கட்டையும் தந்துவிட்டாள்.

அப்போ அவள் இரண்டில் நிற்கிறாள், உறுதியாக. நாளைக் காலை பீங்கானில் இரண்டு இடியப்பம் வையுங்கள், "இரண்டு" என்று அவளே சொல்லட்டும். பிறகு அவள் கண் முன்னால் இன்னும் ஒன்று வைத்து, "இப்போ மூன்று" என்று சொல்லுங்கள். எண்ணச் சொல்லிக் கேட்காதீர்கள். இடியப்பம் ஆறுமுன் சாப்பிடவிடுங்கள்.