பச்சை மரமா, காய்ந்த மரமா: எதை அறுக்க மின்சாரம் குறைவு?

கேள்வி: சிறிய மர அறுவைப் பட்டறை நடத்துகிறேன். காய்ந்த மரத்தை அறுக்கும்போது மோட்டார் திணறுகிறது. பச்சையாக அறுத்தால் மின்செலவு குறையும் என்கிறார்கள். ஆனால் சில பச்சை மரங்கள் ரம்பத்தையே பிடித்துக்கொள்கின்றன. எது சரி?

பதில்: நீங்கள் பார்த்த இரண்டுமே உண்மைதான், காரணங்கள்தான் வேறு.

மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்லின் உள்ளே வெற்றிடத்தில் கொஞ்சம், செல் சுவருக்குள் ஊறியது கொஞ்சம். காயத் தொடங்கியதும் முதலில் போவது வெற்றிடத்துத் தண்ணீர். அது போகும்வரை மரத்தின் வலிமை பெரிதாக மாறாது. ஆகவே 80 சதவீத ஈரத்துக்கும் 50 சதவீதத்துக்கும் ரம்பப் பல்லுக்கு வரும் எதிர்ப்பில் அதிக வித்தியாசம் இருக்காது. (உலர்ந்த எடையை வைத்துக் கணக்கிடுவதால் பச்சை மரத்தில் ஈரம் 100 சதவீதத்தைத் தாண்டவும் செய்யும்.) ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே போனதும்தான் சுவர்த் தண்ணீர் வெளியேறுகிறது, மரம் சுருங்குகிறது, இறுகுகிறது. 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் பல மரங்களில் நார் ஓடும் திசையிலான அமுக்க வலிமை பச்சையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு அளவுக்கு வந்துவிடும். உங்கள் மோட்டார் திணறுவது இதனால்தான். உறைந்துபோன மரம் மட்டும் விலக்கு. அதில் ஈரமே பனிக்கட்டியாகிப் பல்லை எதிர்க்கும்.

அப்படியானால் பச்சை மரம் ஏன் பிடிக்கிறது? ஈர நார் பல்லுக்கு வளைந்து கொடுத்து, பல் கடந்ததும் திரும்பி வந்து ரம்பத்தின் பக்கத்தில் உரசுகிறது. ஈரத்தூள் பல்லிடுக்கில் அப்பிக்கொள்கிறது. புதிதாக வெட்டிய தடியில் உள்ளிறுக்கம் வேறு இருக்கும். அது அறுத்த வாயை மூடப் பார்க்கும். மின்சாரம் இங்கே வெட்டுவதற்குப் போகாமல் சூடாகப் போகிறது. பற்களை இடம் வலமாகக் கூடுதலாகச் சாய்த்து வைத்து, பல்லிடுக்கு ஆழமான ரம்பத்தைப் போட்டு, அறுத்த வாயில் ஆப்பு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதே ரம்பத்தைக் காய்ந்த மரத்துக்குப் போடாதீர்கள். வெட்டு அகலமாக ஆக, தூளாகும் மரமும் அதற்கான மின்சாரமும் கூடும். இரண்டுக்கும் தனித்தனி ரம்பம் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அப்புறம், ஈரத்தைக் குறை சொல்லும் முன் பல்லின் கூர்மையைப் பாருங்கள். மழுங்கிய பல் எந்த மரத்திலும் மின்சாரத்தைத் தின்னும்.

சோதிக்க நினைத்தால் ஆம்பியர் அளவை மட்டும் நம்பாதீர்கள். சுமை குறைவாக இருக்கும்போதும் மோட்டார் கணிசமான ஆம்பியர் காட்டும். ஒரே அளவுத் தடிகளை அறுத்து, மின்மீட்டரில் யூனிட்டை ஒப்பிடுங்கள்.

தடியைப் பச்சையாகவே பலகையாக்கி, காற்றுப் போக இடையில் மெல்லிய குச்சிக்கட்டைகள் வைத்து அடுக்கிக் காயவிட்டு, கடைசி அளவுக்கு மட்டும் காய்ந்தபின் அறுங்கள். முழுத்தடியாகக் காயவிட்டால் வெடிப்பு விழும். சுருக்கத்துக்கு இடம் விட மறக்காதீர்கள். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலர்த்துவதற்கு மின்சாரம் செலவழிப்பதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும்: ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 0.6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அறுப்பதில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரைந்துவிடும். முடிந்தவரை காற்றிலேயே காயவிடுங்கள்.