லாபில பிளாட்டினம் போர்டு, உள்ள ஸ்வெட்டர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சார், நான் ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்குறேன். லாபில நுழைஞ்சதுமே 'லீட் பிளாட்டினம்'னு பெரிய போர்டு மாட்டியிருக்காங்க. ஆனா என் சீட்ல மே மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுட்டுதான் உக்காரணும். இதுக்குப் பேரு பசுமைக் கட்டிடமா?
– வாசகி, பெருங்குடி

பதில்: ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கேட்டாலும் கேள்வி நல்லா சூடாத்தான் இருக்கு மேடம். லீட்ங்கறது பசுமைக் கட்டிடத்துக்கு குடுக்குற அமெரிக்க ரேட்டிங், அதுல பிளாட்டினம்தான் உச்சம். போர்டு பொய் சொல்லல, ஆனா அது பெரும்பாலும் கட்டிடம் கட்டுனப்ப வாங்குன மார்க். டிசைன் எப்படி, என்ன கண்ணாடி, கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ணி திரும்ப யூஸ் பண்றாங்களான்னு பாத்து குடுக்குறது. ஓடிட்டு இருக்குற கட்டிடத்துக்குன்னு தனியா ஒரு ரேட்டிங் இருக்கு, அத எடுத்தாங்களான்னு உங்க அட்மின்ல கேளுங்க, முகம் எப்படி போகுதுன்னு பாருங்க.

நான் இருபது வருஷம் கட்டிட மெயின்டெனன்ஸ்ல குப்ப கொட்டுனவன். ஒரு எடத்துல (பேரு வேணாம்) மேனேஜர் ஒருத்தருக்கு வேர்க்குதுன்னு ஏசிய 20ல வெச்சோம், அவரு வேலைய விட்டுப் போயி ரெண்டு வருஷம் கழிச்சும் அது 20லயேதான் இருந்துச்சு, ஒருத்தரும் தொடல. ஒரு டிகிரி ஏத்துனா சுமார் 6% கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு பிஇஇ சொல்லுது, வீட்டு ஏசியெல்லாம் 24லதான் ஸ்டார்ட் ஆகணும்னு 2020லயே ரூல் வந்துடுச்சு. ஆபிஸ்லதான் இன்னும் ஊட்டி.

ஒழுங்கா செஞ்ச கதையும் ஒண்ணு சொல்றேன். 2003ல ஹைதராபாத்ல இருக்குற தொழில் நிறுவனங்களோட கூட்டமைப்பு சிஐஐயோட கோத்ரெஜ் பசுமை மையம்தான் அமெரிக்காவுக்கு வெளிய முதல்முதலா லீட் பிளாட்டினம் வாங்குன கட்டிடம். அதே ஹைதராபாத் பக்கம் போச்சாரத்துல இன்ஃபோசிஸ் கேம்பஸ் கட்டுறப்ப ஒரு காரியம் பண்ணாங்க பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்சது அது. சுமார் ரெண்டரை லட்சம் சதுர அடி கட்டிடம், அத நடுவுல ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு நல்லா டிசைன் பண்ண வழக்கமான ஏசி, இன்னொரு பாதிக்கு கான்கிரீட் தளத்துக்குள்ளயே பைப்ப பதிச்சு அதுல குளுந்த தண்ணிய ஓட விடுறது. ரெண்டுலயும் ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி ஆளுங்க, தனித்தனி மீட்டர். காத்த விட தண்ணி சூட்ட ரொம்ப சுலபமா தூக்கிட்டுப் போகும், அதனால பெரிய பெரிய ஃபேன் ஓட்டுற கரண்ட் மிச்சம், தண்ணியும் வழக்கமான சில்லர் (ஏசிக்கு தண்ணிய குளுர வெக்குற மெஷின்) மாதிரி 7 டிகிரிக்கு குளுர வேண்டியதில்ல. கான்கிரீட்ல வேர்வை பூத்துடக் கூடாதுங்கறதுக்காக உள்ள வர்ற காத்த மட்டும் தனியா ஈரம் எடுத்து விடணும், அவ்ளோதான் தலைவலி. ரெண்டு வருஷம் கணக்கு பாத்தாங்க, தண்ணி ஓடுன பக்கம் ஏசி கரண்ட் மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருந்துச்சு, கட்டுன செலவும் கிட்டத்தட்ட ஒண்ணேதான்.

உங்க லாபில போர்டுக்குப் பக்கத்துல போன மாச கரண்ட் யூனிட்ட எழுதி மாட்டச் சொல்லுங்க மேடம். அப்புறம் ஸ்வெட்டர் தானா கழண்டுடும்.

கேள்வி: லாபம் இல்லாம பெரிய கம்பெனிங்க எதுவும் செய்யாதுன்னு எங்க புரொபசர் சொல்றாரு. அப்ப இதுல என்ன லாபம்?
– பி.காம். மாணவர், பொள்ளாச்சி

பதில்: உங்க புரொபசர் சரியாத்தான் சொல்றாரு தம்பி. உங்க ஊரச் சுத்தியே பாருங்களேன், பசுமைங்கற வார்த்தை ஃபேஷன் ஆகுறதுக்கு முன்னாடியே கோயம்புத்தூர் மில்லுக்காரங்க கரண்ட் எடுக்குற காத்தாடி போட்டுட்டாங்க, பூமிய காப்பாத்தவா போட்டாங்க, இபி பில்ல காப்பாத்த. பல கம்பெனி சேந்தும் போடலாம், யூஸ் பண்றவங்க கையில குறைஞ்சது 26% ஷேர் இருக்கணும், வர்ற கரண்ட்ல 51%ஆவது அவங்களே யூஸ் பண்ணணும். அப்படி இருந்தா சொந்த உற்பத்தின்னு கணக்கு.

இப்ப வேற நெருக்கடியும் சேந்துடுச்சு. பங்குச்சந்தைல முதல் ஆயிரம் கம்பெனிங்க 2022-23ல இருந்து கரண்ட், தண்ணி, கழிவு கணக்கெல்லாம் பிஆர்எஸ்ஆர்னு ஒரு ரிப்போர்ட்ல குடுத்தே ஆகணும்னு பங்குச்சந்தைய கண்காணிக்குற செபி சொல்லிடுச்சு. வெளிநாட்டு கஸ்டமரும் உன் கார்பன் எவ்ளோன்னு கேக்குறான், ஏன்னா உங்க புகை அவனோட கணக்குல வருது. ஒரு சிக்கல் மட்டும் பரிட்சைக்கு ஞாபகம் வெச்சுக்கோங்க: வாடகை கட்டிடத்துல நல்ல கண்ணாடி போடுற செலவு பில்டருக்கு, மிச்சமாகுற கரண்ட் பில் வாடகைக்காரருக்கு. அப்ப பில்டர் எதுக்கு போடுவாரு? பல கட்டிடம் இங்கதான் மாட்டிக்குது.

கேள்வி: 'கார்பன் நியூட்ரல்'னு விளம்பரம் பண்றது எல்லாம் கண்துடைப்பு தானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: எல்லாமே இல்லீங்க ஐயா. வெளிய விடுற கார்பன் புகைய கொறச்சு, மிச்சத்துக்கு வேற எடத்துல ஈடு கட்டி கணக்க பூஜ்யமாக்குறதுதான் கார்பன் நியூட்ரல், அதுல வரிசைய பாக்கணும். இன்ஃபோசிஸ் 2020ல கார்பன் நியூட்ரல் ஆனோம்னு சொன்னப்ப, மொதல்ல தலைக்கு ஆகுற கரண்ட பல வருஷமா கொறச்சாங்க, அப்புறம் சோலார், கடைசியா மிச்சத்துக்கு கிராமத்து வீடுங்கள்ல பயோகேஸ், புகை கம்மியான அடுப்புன்னு குடுத்து ஈடு கட்டுனாங்க. சில பேரு இத தலைகீழா பண்றாங்க, ஒண்ணும் கொறைக்காம எங்கயோ மரம் நட்ட சர்டிபிகேட்ட மட்டும் வாங்கி வெச்சுக்குறாங்க. அத கண்துடைப்புன்னு தாராளமா சொல்லுங்க.

கேள்வி: புதுசா வீடு கட்டுறோம். ஆபிஸ் மாதிரி முன்னாடி ஃபுல்லா கண்ணாடி எலிவேஷன் வைக்கலாமான்னு இன்ஜினியர் கேக்குறாரு. வைக்கலாமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: மேற்கு பாத்த வீடா? வேணாம்மா. அந்தக் காசுக்கு ஜன்னலுக்கு மேல சன்ஷேட நல்லா நீட்டி வெக்கச் சொல்லுங்க, மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு போடுங்க.